பிற்பகல் மூன்று மணி

டயர் கிடங்கு மூடி மூன்று வருஷம்.
அதன் இரும்புக் கதவில் இப்போது
மஞ்சள் அறிவிப்பு ஒன்று தொங்குகிறது:
நேரடி இசை அரங்கம், இருநூறு இருக்கை,
ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள்.
அதற்குக் கீழே யாரோ
காணாமல் போன பூனையின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

ஞாயிறு ஐந்தரைக்குப் பூப்பந்துக் கூடத்தில் கூட்டம்.
கம்பெனிச் சட்டையிலேயே போனேன்.
ஆறேகாலுக்கு பஸ்.

ஏழாம் மாடி ஊய் எழுதிவந்ததை வாசித்தார்.
இரவு பதினொன்று, இரவு பதினொன்று என்று
ஆறு முறை வந்தது அதில்.
ரோஹானி அக்காவுக்குக் கார் நிறுத்தும் கவலை,
மருமகன் வந்தால் இப்போதே மூன்று சுற்று சுற்றுகிறானாம்.
குடித்துவிட்டு வருகிறவர்கள் லிஃப்டில் மூத்திரம் போவார்கள்
என்றாள் லோகநாயகி.
குடிக்காதவர்களே போகிறார்கள்
என்றது பின்வரிசை.

அரங்கம் கட்டப்போகும் கெல்வின் எழுந்தான்.
முப்பது வயது இருக்கும்,
சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
சத்தம் அளக்கும் கருவி ஒன்றை மேசையில் வைத்து
ஒரு நிமிஷம் அமைதியாக இருங்கள் என்றான்.
இருந்தோம்.
சுவர் விசிறி மட்டும் ஐம்பத்தெட்டு.
ஊய் இருமினார். எழுபத்து மூன்று.
யாரோ சிரிக்க எண் ஏறியது,
அதைப் பார்த்துச் சிரிக்க இன்னும் ஏறியது.
சுவர் முழுக்கப் பஞ்சு வைப்போம், கதவு இரட்டைக் கதவு,
பத்தரைக்கே முடித்துவிடுவோம் என்றான்,
சிரிப்பு அடங்குவதற்குள்.

நான் கை தூக்கினேன்.

இரவைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை, தம்பி.
இரவில் நான் இந்த ஜெலுத்தோங்கிலேயே இல்லை.
பாயான் லெப்பாசில், தூசிக்கும் அனுமதி இல்லாத அறையில்,
கண் மட்டும் தெரிய நின்று
சில்லு பார்த்துக்கொண்டிருப்பேன்.
பகலில் எத்தனை மணிக்கு
அந்த 'செக், ஒன், டூ'?

தாளைப் புரட்டினான்.
மூன்று மணிவாக்கில் இருக்கும், அக்கா.

மூன்று மணி
எனக்கு நடுச்சாமம்.

ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பை ஒட்டி
நானாகச் செய்துகொண்ட இருட்டு அது.
பக்கத்து வீட்டுக் குக்கர் அதற்குள் வரும், பழகிவிட்டது.
'சூரத் காபார் லாமா' என்று லோரி
ஒலிபெருக்கியோடு ஊர்ந்து வரும்,
கனவிலேயே அவருக்கு எத்தனையோ தடவை
பேப்பர் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.
டிரம் அப்படியில்லை.
காதைப் பொத்தினாலும்
கட்டில் கால் வழியாக ஏறும்.

படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
இரவுச் சத்தம், வாகன நெரிசல், பாதுகாப்பு.
'மற்றவை'க்கு ஒரே ஒரு கோடு.
அந்தக் கோட்டில் யாரையெல்லாம் படுக்கவைப்பது?
நான்காம் மாடி நர்ஸ்,
ஒரே அறையில் முறைவைத்துப் படுக்கும்
நேப்பாளத்துக் காவலர்கள் நால்வர்,
விடிய விடிய மீன் லோரி ஓட்டும் இஸ்மாயில்.
கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை.
சிலர் இன்னும் தூக்கத்தில்,
சிலர் அதற்குள் யார் வீட்டு கேட்டிலோ.

'பகலிலும் இங்கே இரவு உண்டு' என்று எழுதி
அது கவிதை மாதிரி இருக்கவே அடித்துவிட்டு
'ஒன்பது முதல் நான்கு வரை சத்தம் கூடாது' என்று எழுதினேன்.
கையெழுத்து, வீட்டு எண், தொலைபேசி.

இன்னொன்றும் கேட்க நினைத்தேன்:
எனக்குச் சனிக்கிழமை ஓய்வு விழும் வாரம்
டிக்கெட் எவ்வளவு ஆகும்?
ஊய் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.
கேட்கவில்லை.

ஆறேகால்.
வெளியே கம்பெனி பஸ் ஹாரனை நீளமாக அழுத்தியது.
மேசைமேல் எண்பத்தாறு.
கூடம் முழுவதும்
திரும்பி என்னைப் பார்த்தது.